ஆசியாவுக்கு இருபது நிமிடம்

“துருக்கி தேசம் எந்தக் கண்டத்தைச் சேர்ந்தது?” எனப் பல ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு தவணைப் பரீட்சையில் வினவியிருந்தோம். “ஆசியா” என்றோ “ஐரோப்பா” என்றோ எழுதியோர்க்கு அரைப்புள்ளி. “இரண்டும்” என்றெழுதியோர்க்கு முழுப்புள்ளி. ஒரு மாணாக்கன் மட்டும், “அங்குள்ள கடலைப் பார்த்தால்தான் சொல்லலாம்” என்று எழுதி வைத்திருந்தான். குறும்பு எனக் கருதிப் பூச்சியமிட்டோம். அண்மையில் அக்கடலைக் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியபோது, அந்தப் பூச்சியமும் நம்மோடு கப்பலேறி வந்தது.

இஸ்தான்புல் நகரின் எமினோனுத் துறை ஐரோப்பாவில் உள்ளது; எதிர்க்கரையிலுள்ள கடிக்கோய் ஆசியாவில் உள்ளது. இடையே பயணிகள் கப்பலில் ஏறத்தாழ இருபது நிமிடப் பயணம். கண்டம் விட்டுக் கண்டம் போகிறோம் என்ற பரபரப்பு நம் ஒருவருக்கே இருந்தது போலும். எள்ளுத் தூவிய வளையரொட்டியைப் பிய்த்துக் கடற்பறவைகளுக்கு எறிந்துகொண்டிருந்தனர் சில சிறுவர். பக்கத்திலிருந்த முதியவர் சிறிது ஆங்கிலம் அறிந்தவர். “ஆசியா எவ்விடத்தில் ஆரம்பிக்கின்றது, ஐயா?” என்று கேட்டோம். அவர் நம்மை ஏற இறங்கப் பார்த்து, “நாற்பது வருடமாக அங்கே உறங்குகிறேன், இங்கே உழைக்கிறேன். இதுவரை யாரும் கேட்டதில்லை,” என்றார்.

தேசப்படத்தை விரித்தால் ஐரோப்பியப் பகுதி மிகச் சிறிது. துருக்கியின் பரப்பு ஏறத்தாழ 7,83,000 சதுர கிலோமீற்றர். நம் இலங்கையைப் போற் பன்னிரு மடங்கு. இதில் திரேஸ் எனப்படும் ஐரோப்பியப் பகுதி நூற்றுக்கு மூன்று வீதமே. எஞ்சியது அனற்றோலியா. வடக்கே கருங்கடலை ஒட்டி ஒரு மலைத்தொடரும், தெற்கே தோரஸ் மலைத்தொடரும், இடையே வறண்ட மேட்டுநிலமும் உள்ளன. கிழக்கே போகப் போக நிலம் உயர்ந்து, 5,137 மீற்றர் உயரமுள்ள அரராத் மலையில் முடிசூடுகின்றது. யூபிரற்றிஸ், தைகிரிஸ் ஆகிய நதிகள் பிறப்பதும் அக்கிழக்கு மலைகளிலேதான். 1923இல் தலைநகரான அங்காரா அம்மேட்டுநிலத்தில் அமைந்தது. கருங்கடற் கரையின் றிசே என்னும் மாவட்டத்தில் பெருமழை பெய்வதால் தேயிலை செழிக்கின்றது. அப்படியிருந்தும் துருக்கியர் நம் இலங்கைத் தேயிலையையும் வாங்குகின்றனர். இடை சிறுத்த சிறு கண்ணாடிக் குவளையில், பாலின்றி அருந்துவது அவர்கள் வழக்கம். நமக்கென்னவோ பாலில்லாத தேநீர் பாதித் தேநீராகவே பட்டது.

இனி அந்தக் கடலுக்கு வருவோம். பொஸ்பரஸ் நீரிணை கருங்கடலையும் மர்மராக் கடலையும் இணைப்பது. நீளம் சுமார் 30 கிலோமீற்றர். மிக ஒடுங்கிய இடத்தில் அகலம் சுமார் 700 மீற்றர். தானியூப், நீப்பர், தொன் முதலிய பேராறுகள் நன்னீரைக் கொண்டுவந்து சொரிவதால், கருங்கடலின் மேல்நீரில் ஒரு கிலோகிராமுக்குச் சுமார் 18 கிராம் உப்பே உண்டு. மத்தியதரைக் கடலிலோ சுமார் 38 கிராம். மிகுந்த நன்னீர் பொஸ்பரஸ் வழியே மேற்பரப்பில் தெற்கு நோக்கி ஓடுகின்றது. கனத்த உவர்நீரோ அதன் அடியால் வடக்கு நோக்கி ஓடுகின்றது. ஒரே நீரிணையில், ஒரே வேளையில், ஒன்றன்மேல் ஒன்றாக எதிரெதிர் ஓடும் இரண்டு ஆறுகள்!

மேலே தெற்கே இழுக்கும் நீர் ஆழத்தில் எதிர்த்திசையில் இழுப்பதை அங்குள்ள மீனவர் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். 1679இல் அங்கு சென்ற மார்சிலி என்னும் இத்தாலியர் அச்செய்தியைக் கேட்டு, வெள்ளை பூசிய தக்கைகளைக் கயிற்றில் இடைவிட்டுக் கட்டி இறக்கினார். மேற்றக்கைகள் ஒருபக்கமும் கீழ்த்தக்கைகள் மறுபக்கமும் சாய்ந்தன. பின்னர் தடுப்பிட்ட தொட்டியொன்றில் ஒருபுறம் உப்பு மிக்க நீரும் மறுபுறம் உப்புக் குறைந்த நீரும் நிரப்பி, தடுப்பின் மேலும் கீழும் இருந்த துளைகளைத் திறந்து காரணத்தையும் நிறுவினார். மாணவர்கள் இதனை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். உப்புநீரில் சிறிது சாயம் கலந்தால் அது கீழ்த்துளையால் நுழைவது நன்கு தெரியும்.

கடிக்கோயின் பழம்பெயர் கால்சிடோன். எதிர்க்கரையில் பைசாந்தியம் தோன்றுவதற்குப் பதினேழு ஆண்டுகள் முன்னரே அது குடியேறப்பட்டதைக் கேட்ட மெகபாசுஸ் என்னும் பாரசீகத் தளபதி, “அவர்கள் குருடராக இருந்திருக்க வேண்டும்” என்று சொன்னதாக எரோதோத்தஸ் எழுதியிருக்கின்றார். எதிரே பொற்கொம்பு என்னும் ஆழமான துறைமுகம் கிடக்க, இக்கரையைத் தேர்ந்தால் வேறென்ன சொல்வது? மேல்நீரோட்டம் கப்பலையும் மீனையும் அப்பக்கமாகவே தள்ளிச் செல்கின்றது என்பர்.

நாம் பெரிதும் வியந்தது வேறொன்றைக் கேட்டு. இஸ்தான்புல்லின் இரு கரைகளும் ஒரே புவித்தட்டின் மேலேயே இருக்கின்றன. பாறை பிளந்திருப்பது நீரிணையில் அன்று. தெற்கே மர்மராக் கடலின் அடியில். அனற்றோலியாத் தட்டு அப்பிளவோரமாக ஆண்டுதோறும் ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர் மேற்கே நகர்கின்றது. 1999 ஓகஸ்ட் 17இல் அதே பிளவின் கிழக்குப் பகுதி அதிர்ந்தபோது பதினேழாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2023 பெப்ரவரி 6இல் தென்கிழக்கில் வேறொரு பிளவு அதிர்ந்து, துருக்கியில் மட்டும் ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொன்றது. இவ்வாறிருக்க, நீரிணையின்மேல் 1973, 1988, 2016 ஆகிய ஆண்டுகளில் மூன்று பாலங்கள் எழுந்தன; 2013இல் கடலடியே புகையிரதச் சுரங்கமும் திறக்கப்பட்டது. மர்மராக் கடலடிப் பிளவு இன்னும் அதிருமென விஞ்ஞானிகள் எச்சரித்தவண்ணம் இருக்கின்றனர். கப்பலில் நம்மருகே உறங்கிவழிந்த பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்தபோது, அவர்கள் வீட்டுச் சுவர்கள் எப்படிக் கட்டப்பட்டனவோ என்ற எண்ணமே நம்மை அலைக்கழித்தது.

ஊர் திரும்பியதும் அப்பழைய புள்ளிப் பதிவேட்டைத் தேடினோம், கறையான் தின்றிருந்தது. அம்மாணாக்கன் நீரோட்டங்களை அறிந்தே அவ்வாறு எழுதினானா, வெறுங் குறும்பா என்பது நமக்கு இன்றுவரை தெரியாது. அவன் இப்போது கனடாவில் இருப்பதாகக் கேள்வி. அவனுடைய தமையனாரிடம் முகவரி பெற்று ஒரு கடிதம் எழுதினோம். உள்ளே பொஸ்பரஸின் இரு நீரோட்டங்களையும் படமாக வரைந்து வைத்தோம். பதில் இன்னும் வரவில்லை.