ஒட்டி நிற்கும் காற்று

உராய்வு இவ்வுலகில் இருவகைத் தொழில் புரிகின்றது. ஓரிடத்தில் அது நமக்கு நண்பன், மற்றோரிடத்தில் பகைவன். கொங்கு நாட்டில் பிறந்த எனக்கு இவ்வுண்மையை முதன்முதலில் உணர்த்தியது பருத்தி நூலேயாகும். பஞ்சிலிருந்து ஓர் இழையைப் பிரித்துப் பாருங்கள்; அதன் நீளம் ஏறத்தாழ மூன்று செண்டிமீட்டர் அளவே இருக்கும். இத்தகைய குற்றிழைகள் எண்ணற்றவை சேர்ந்து முறுக்குண்டு கிடப்பதே நூல். அவற்றைப் பசையிட்டு ஒட்டியவர் எவரும் இலர். முடிச்சிட்டு இணைத்தவரும் இலர். முறுக்கினால் அவை ஒன்றையொன்று நெருக்குகின்றன, நெருக்கத்தால் உராய்கின்றன, உராய்வினால் பிரியாமல் நிற்கின்றன. திருப்பூரில் பின்னப்படும் பனியன்கள் யாவும் இவ்வுராய்வின் கொடையே எனலாம். ஆனால், அந்நூலை நூற்கும் கதிர் தன் தாங்கியில் மிகுதியாக உராயுமாயின், சூடேறித் தேய்ந்து அழியும். ஆதலால் அதற்கு எண்ணெய் இடுகின்றோம். ஒரே ஆலையினுள், நூலில் வேண்டப்படும் உராய்வு கதிரில் வேண்டப்படாததாகிவிடுகின்றது.

திண்பொருள்கள் ஒன்றோடொன்று உராய்வதை யாவரும் அறிவர். வண்டியின் அச்சுக்கு மை இடும் உழவரும், கிணற்று உருளைக்கு எண்ணெய் விடும் பெண்டிரும் அதனை நாள்தோறும் காண்கின்றனர். காற்றும் நீரும் உராயுமோ? கண்ணுக்குப் புலப்படாத காற்றுக்கு உராயும் ஆற்றல் உண்டென்று எவ்வாறு அறிவது?

இதற்கு விடை கூறும் கருவி நம் வீடுகளிலேயே தொங்கிக்கொண்டிருக்கின்றது. திருப்பூரில் பனியன் தைக்கும் கூடம் ஒன்றிற்கு நான் ஒருமுறை சென்றிருந்தேன். அங்கே கூரையில் மின்விசிறிகள் காலைமுதல் இரவுவரை சுழன்றுகொண்டே இருந்தன. மின்சாரம் தடைப்பட்டு அவை நின்றபோது நிமிர்ந்து நோக்கினேன். ஒவ்வோர் இறக்கையின்மீதும் பஞ்சுத் தூசு சாம்பல் நிறத்தில் அடர்ந்து படிந்திருந்தது. நாள் முழுதும் காற்றைக் கிழித்துச் சுழலும் இறக்கையில் தூசு எவ்வாறு தங்கும்? அத்தனை வேகமான காற்று அதனைத் துடைத்துச் சென்றிருக்க வேண்டுமன்றோ? இவ்வினாவை எளியதென்று இகழ்ந்துவிடுதல் ஆகாது. பறவையைப்போல் பறக்க விழைந்த மனிதன் விடுவிக்க வேண்டியிருந்த பெரும்புதிர் இதனுள்ளேயே அடங்கியிருந்தது.

பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டுக் கணித மேதை டாலம்பேர், உராய்வே அற்ற பாய்பொருள் ஒன்றைக் கற்பனை செய்து கணக்கிட்டார். அதனூடே சீராகச் செல்லும் பொருளுக்கு எதிர்ப்பே இராது என்ற முடிவு கிடைத்தது. கணக்கில் பிழை இல்லை. ஆயினும், ஆற்றில் படகு வலிப்பவனும் எதிர்காற்றில் நடப்பவனும் அம்முடிவைக் கேட்டால் நகைப்பர். கணக்கு ஒன்று கூற, உலகம் வேறொன்று கூறியது. காற்றின் உராய்வு மிகச் சிறியது. அதனை விலக்கிவிட்டால் என்ன குறை நேர்ந்துவிடும் என்றே அறிஞர் பலரும் நெடுங்காலம் மயங்கினர்.

அம்மயக்கத்தைத் தீர்த்தவர் ஜெர்மானியப் பேராசிரியர் லுட்விக் பிராண்ட்ல். 1904ஆம் ஆண்டில் ஹைடல்பர்க் நகரில் கூடிய கணித அறிஞர் பேரவையில் அவர் ஒரு சிறு கட்டுரை படித்தார். ஒரு பொருளின் மேற்பரப்பைத் தொட்டு நிற்கும் காற்று, அப்பரப்போடு ஒட்டிக்கொண்டு அதனுடனேயே செல்கின்றது. பரப்பிலிருந்து சற்றே விலகினால் காற்று முழு வேகத்துடன் பாய்கின்றது. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள மெல்லிய படலத்திலேயே உராய்வு தன் ஆட்சியை நடத்துகின்றது என்பது அவர் கண்ட உண்மை. இதனை எல்லைப் படலம் என்பர். விமானத்தின் இறக்கையில் இப்படலத்தின் தடிப்பு சில மில்லிமீட்டர் முதல் சில செண்டிமீட்டர் வரையே இருக்கும். விசிறியின் இறக்கையில் தூசு தங்குவதற்குக் காரணமும் இதுவே. இறக்கையைத் தொடும் காற்று இறக்கையோடு சேர்ந்தே சுழல்வதால், அதில் ஒட்டிய நுண்துகளை வாரிச் செல்லும் வேகம் அங்கே இல்லை. இத்துணை மெல்லிய இப்படலம் இறக்கையை விட்டு முன்னதாகப் பிரிந்துவிட்டால், தாங்கும் விசையை இழந்து விமானமே வீழ்ந்துவிடும்.

இப்படலத்தினுள் காற்று எப்போதும் ஒரே முறையில் ஓடுவதில்லை. ஊதுவத்தியின் புகையை உற்று நோக்குங்கள். முதலில் அது நூல் பிடித்தாற்போல் நேராக எழுகின்றது. சிறிது உயரம் சென்றதும் நெளிந்து, சுருண்டு, கலைந்துவிடுகின்றது. முன்னது சீரோட்டம், பின்னது கொந்தளிப்போட்டம். இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்பார், கண்ணாடிக் குழாயில் ஓடும் நீரில் சாயம் கலந்து, இவ்விரு ஓட்டங்களையும் 1883ஆம் ஆண்டில் விளக்கிக் காட்டினார். சீரோட்டத்தில் உராய்வு குறைவு, கொந்தளிப்போட்டத்தில் மிகுதி. ஆதலின், இறக்கையின்மேல் சீரோட்டத்தை நெடுந்தூரம் நீடிக்கச் செய்தால் விமானம் குறைந்த எரிபொருளில் விரைந்து செல்லும்.

இரண்டாம் உலகப்போர் மூண்டபோது, அறிஞர்களின் இவ்வாராய்ச்சி படைத்தலைவர்களின் அவசரத் தேவையாயிற்று. போர் விமானத்தின் வேகம் சற்றே கூடினாலும் வெற்றி தோல்வி மாறும் நிலை அது. அமெரிக்காவில் சீரோட்ட இறக்கையைக் கொண்டு மஸ்டாங் என்னும் போர் விமானத்தைச் செய்தனர். ஆயினும் போர்க்களத்தில், இறக்கையில் படிந்த தூசும், மோதி ஒட்டிய பூச்சிகளும், மேற்பரப்பின் சிறு மேடுபள்ளங்களும் சீரோட்டத்தை எளிதில் குலைத்தன. ஆய்வுக்கூடத்தில் கண்ட பயன் முழுவதும் வானில் கிட்டவில்லை.

அக்காலத்து நிகழ்ச்சி ஒன்று என் உள்ளத்தை விட்டு நீங்காதது. சீரோட்டம் எவ்வாறு குலைகின்றது என்பதைக் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பிராண்ட்லின் மாணவர் டோல்மீன் 1929இல் கணக்கிட்டார். ஷ்லிக்டிங் என்பார் அதனை மேலும் வளர்த்தார். படலத்தினுள் நுண்ணிய அலைகள் தோன்றிப் பெருகுவதே குலைவின் தொடக்கம் என்றது அவர்கள் கொள்கை. அதனைப் பலர் நம்பவில்லை. போரின் நடுவே, வாஷிங்டன் நகரில் ஷுபாவர், ஸ்க்ராம்ஸ்டாட் என்னும் இருவர், மிக அமைதியாகக் காற்று வீசும் சுரங்கம் ஒன்றில், மெல்லிய உலோக நாடா ஒன்றை அதிரச் செய்து, அவ்வலைகளைக் கண்டுவிட்டனர். பகை நாட்டு அறிஞரின் கணக்கு மெய்யென்று அமெரிக்கரின் சோதனை சான்று கூறியது! ஆனால் அச்செய்தி போர்க்கால மறைபொருளாகப் பூட்டி வைக்கப்பட்டது. போர் முடிந்த பின்னர் 1947ஆம் ஆண்டிலேயே உலகறிய வெளிவந்தது. இயற்கை தன் விதிகளை எந்நாட்டிற்கும் ஒளிப்பதில்லை. மறைப்பவர் மனிதரே.

அவ்வேளையில் நம் நாடு எந்நிலையில் இருந்தது? வால்சந்த் ஹிராசந்த் என்னும் தொழில் முதல்வர், மைசூர் அரசின் துணையோடு, 1940ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் பெங்களூரில் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையைத் தொடங்கினார். போர் நெருங்கியதும் அதன் நிருவாகம் அரசின் கைக்கு மாறியது. பின்னர் அமெரிக்க வான்படையின் விமானங்களைப் பழுது பார்க்கும் பெரும்பணியில் அத்தொழிற்சாலை ஈடுபட்டது. நம்மவர் கைகள் அவ்வேலையைத் திறம்படச் செய்தன. பிறர் வரைந்த படத்தைப் பார்த்து, பிறர் செய்த உறுப்பை மாற்றி, பிறர் குறித்த அளவுக்கு இழைத்துப் பொருத்தினர். அது சிறந்த தொழிலே, ஐயமில்லை. ஆனால், ‘இவ்விறக்கை ஏன் இவ்வாறு வளைந்துள்ளது?’ என்னும் வினாவுக்கு விடை அவ்விமானங்களோடு வரவில்லை.

அவ்வினாவை எழுப்பக் கற்பிப்பதற்காக, போர் நடந்துகொண்டிருந்த 1942ஆம் ஆண்டிலேயே, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் விமானப் பொறியியல் துறை தோன்றியது. அத்துறையை உருவாக்கியவருள் முதன்மையானவர் விஷ்ணு மாதவ் காட்கே. அவர் யாரிடம் கற்றவர் தெரியுமா? 1930களில் கோட்டிங்கன் சென்று, பிராண்ட்லிடமே பயின்று பட்டம் பெற்றவர் அவர். இந்தியா பிரிட்டிஷ் ஆட்சியின்கீழ் ஜெர்மனியோடு போரிட்டுக்கொண்டிருந்தது. அக்காலத்தில், ஜெர்மானிய ஆசிரியர் ஒருவர் ஏற்றிய அறிவு விளக்கு பெங்களூரில் சுடர்விட்டது. காட்கே பிற்காலத்தில் விமானத் தொழிற்சாலையில் தலைமை ஏற்று வடிவமைத்த எச்.டி.-2 என்னும் பயிற்சி விமானம் 1951ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் வானில் எழுந்தது. நம்மவரே எண்ணி, நம்மவரே அளந்து, நம்மவரே செய்த விமானம் அது.

கோட்டிங்கனிலிருந்து புறப்பட்ட மற்றோர் ஓடையும் பெங்களூரை வந்து சேர்ந்தது. பிராண்ட்லின் மாணவர் தியடோர் வான் கார்மன் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பணியாற்றினார். அவர்பால் வந்து சேர்ந்தவர் ஹான்ஸ் லீப்மன். அந்த லீப்மனிடம் கற்றவர் சதீஷ் தவான். லாகூரில் கணிதமும் பௌதிகமும் ஆங்கில இலக்கியமும் இயந்திரப் பொறியியலும் பயின்ற இவ்விளைஞர், கலிபோர்னியாவில் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சிப் பொருள் என்ன? காற்று ஒரு பரப்பின்மேல் உராயும் விசையை நேராக அளப்பதே. அதற்குமுன் பெரும்பாலோர் அவ்விசையைப் பிற அளவுகளிலிருந்து ஊகித்தே அறிந்தனர். தவானோ, பரப்பின் ஒரு சிறு துண்டை வெட்டி, அதனை அசையக்கூடியதாக அமைத்து, காற்று உராயும்போது அத்துண்டு நகரும் மிக நுண்ணிய தொலைவை மின்கருவியால் அளந்தார். இடைவெளி சற்று மிகுந்தாலும், துண்டு மயிரிழை அளவு உயர்ந்து நின்றாலும் அளவு பிழைபடும். அத்துணைப் பொறுமையை அவ்வேலை வேண்டி நின்றது.

1951இல் தவான் பெங்களூர் அறிவியல் கழகத்திற்கு வந்தார். அங்கே அவரும் அவர் மாணவர் ரோடம் நரசிம்மாவும், சீரோட்டம் கொந்தளிப்போட்டமாக மாறும் இடைநிலையை ஆராய்ந்து, 1958ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையை உலக அறிஞர் போற்றினர். போர்க்காலத்தில் பூட்டி வைத்த அறிவின் தொடர்ச்சியைச் சில ஆண்டுகளிலேயே நம்மவர் தாமே எழுதினர். உராய்வின் நுண்விசையை அளந்த அதே தவான்தான் 1972 முதல் இந்திய விண்வெளி ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவர். சென்னைக் குரோம்பேட்டையில் 1949ஆம் ஆண்டு சி. ராஜம் என்னும் வள்ளல் நிறுவிய தொழில்நுட்பக் கல்லூரியும் விமானப் பொறியியலைக் கற்பித்தது. இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் அத்துறையைக் கற்றது அக்கல்லூரியில்தான்.

‘இவையெல்லாம் விமானத்தில் செல்வோருக்கன்றோ? புன்செய் உழும் எங்களுக்கு இதனால் ஆவது என்ன?’ என்று ஒருவர் வினவலாம். அவரைக் குண்டடத்திற்கு அழைக்கின்றேன். பல்லடத்திலிருந்து தாராபுரம் செல்லும் சாலையில், வடுகநாதர் கோயிலாலும் சந்தையாலும் பெயர்பெற்ற ஊர் அது. மழை குறைந்த மேட்டு நிலம். ஆடும் மாடும் மேயும் கொறங்காடு. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே உள்ள பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று இப்பக்கம் பாய்கின்றது. மழையைத் தராமல் புழுதியை மட்டும் வாரி இறைக்கும் அக்காற்றை எங்கள் பெரியோர் ஏசியதை நான் கேட்டிருக்கின்றேன். ‘ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்’ என்னும் பழமொழியை அவர்கள் வியந்து சொல்லவில்லை. முறிந்த முருங்கையைப் பார்த்து நொந்தே சொன்னார்கள்.

இன்று அவ்வட்டாரத்தில் காற்றாலைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அவற்றின் இறகுகள் விமான இறக்கையின் உடன்பிறப்புகள்; அவற்றின்மேலும் அந்த எல்லைப் படலமே ஆட்சி செய்கின்றது. புழுதியும் பூச்சியும் ஒட்டி இறகு சொரசொரப்பானால் மின்சாரம் குறையும். காற்றின் ஆற்றலில் நூற்றுக்கு ஏறத்தாழ 59 பங்குக்கு மேல் எந்தக் காற்றாலையாலும் கவர இயலாது என்னும் எல்லையை 1920இல் கணக்கிட்டு வெளியிட்ட ஆல்பெர்ட் பெட்ஸ் என்பவரும், கோட்டிங்கனில் பிராண்ட்லுடன் பணிபுரிந்தவரே. போர் விமானத்திற்காக விரைந்து தேடப்பட்ட அறிவு, எங்கள் ஊர்ப் புன்செயில் விளக்கேற்றவும் பின்னலாலையை ஓட்டவும் உதவுகின்றது.

ஆயினும் ஒன்றை மறத்தல் கூடாது. தொடக்க நாளில் நம் நிலத்தில் நாட்டப்பட்ட காற்றாலைகளுள் பல, டென்மார்க், ஜெர்மனி முதலிய நாடுகளின் வடிவமைப்பைத் தழுவியவை. போர்க்காலப் பெங்களூரில் எழுந்த அதே வினா இங்கும் எழுந்தது. பிறர் செய்த பொறியைக் காத்து ஓட்டுவதோடு அமைவதா? நம் காற்றை நாமே அளந்து, நம் புழுதிக்கும் வெயிலுக்கும் ஏற்ற இறகை நாமே வடிப்பதா? காற்றாற்றலை ஆராய்வதற்கென்றே 1998இல் சென்னைப் பள்ளிக்கரணையில் ஒரு நடுவண் நிறுவனம் தொடங்கப்பெற்றது அவ்வினாவுக்குரிய விடைகளுள் ஒன்று.

மாணவர்களே! பழுது பார்க்கும் கை போற்றத்தக்கது. அக்கையோடு, காரணம் கேட்கும் அறிவும் சேர வேண்டும். கேட்டதோடு நில்லாமல், அளந்து பார்க்கும் பொறுமையும் சேர வேண்டும். தூசு ஏன் படிகின்றது என்று வினவுவதற்குச் செல்வமோ பதவியோ வேண்டா. கண்ணும் கருத்தும் போதும். அளக்கத் தெரிந்தவனுக்கு ஆடிக் காற்றும் துணை. அளக்கத் தெரியாதவனுக்குத் தன் ஊர்க் காற்றும் அயலே.