நாள் குறிப்பது நீயாக இரு

பிடிக்காத வேலையில் இன்னும் எத்தனை நாள் இருப்பது என்று என்னிடம் கேட்கிற பிள்ளைகள் வருஷா வருஷம் கூடிக்கொண்டே வருகிறார்கள். பொங்கலுக்கும் ஆடிப் பண்டிகைக்கும் பெங்களூரு, ஓசூர், கோவை, திருப்பூரிலிருந்து பனமரத்துப்பட்டிக்கு வந்து இறங்குகிறவர்கள், வந்த மறுநாளே திண்ணையில் உட்கார்ந்து இதைத்தான் கேட்கிறார்கள். வீட்டில் கேட்டால் “கெடச்ச வேலைய உட்டுப்போட்டு என்ன பண்ணுவே?” என்பார்கள். கூட்டாளியைக் கேட்டால் “தூக்கிப் போட்டுட்டு வாடா” என்பான். இரண்டிலும் அன்பு இருக்கிறது, பதில் இல்லை.

நான் காலமெல்லாம் கணக்கு எழுதினவன். பள்ளிபாளையம் பக்கம் ஒரு தறிப்பட்டறையில் தொடங்கி, ஒரு நூற்பாலை அலுவலகத்தில் முடித்தேன். ஆள் சேர்ந்த தேதியும் நின்ற தேதியும் என் கையால்தான் நோட்டில் ஏறும். எழுதி எழுதி ஒன்று எனக்கு உறுதிப்பட்டது. வேலையை விட்டுப் போனவர்களில் நாள் குறித்துப் போனவர்கள் வெகு சிலர். மற்றவர்களுக்குக் கோபம் நாள் குறித்தது, இல்லாவிட்டால் கடன் நாள் குறித்தது.

தறிப்பட்டறையில் கடன் எப்படி நாள் குறிக்கும் என்பதை விவரமாகச் சொல்கிறேன், கண்ணு. குமாரபாளையம், பள்ளிபாளையம் வட்டாரத்தில் ஆளைச் சேர்க்கும்போதே அட்வான்ஸ் கொடுத்துச் சேர்ப்பது வழக்கம். வாரத்துக்கு ஒருநாள் கணக்கு முடிப்போம். என் மேசையில் இரண்டு நோட்டு இருக்கும். ஒன்றில் யார் எத்தனை மீட்டர் ஓட்டினார்கள், கூலி எவ்வளவு என்பது. இன்னொன்றில் யாருக்கு எவ்வளவு அட்வான்ஸ், இந்த வாரம் பிடித்தம் எவ்வளவு, மீதி எவ்வளவு என்பது. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் தறி ஓட்டுகிற குடும்பம் ஒன்று இருந்தது. கூலியை வாங்கி எண்ணுவதற்கு முன்னால் அந்த மனுஷர் கேட்பார்: “இன்னும் எவ்வளவு நிக்குதுங்க?” நான் சொல்லுகிற தொகையை அந்தம்மா வாய்க்குள் திருப்பிச் சொல்லிப் பார்க்கும். சித்திரையில் குறைந்திருக்கும், ஆடியில் மறுபடி ஏறியிருக்கும். நோன்பிச் செலவு, காதுகுத்து, ஆஸ்பத்திரி. பட்டறை அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்பது எனக்கும் தெரியும், முதலாளிக்கும் தெரியும். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அந்த மீதி தீர்கிற வரைக்கும் அவர்கள் நகர முடியாது. வேறு பட்டறைக்காரர் வந்து அந்தப் பாக்கியைக் கட்டினால்தான் போகலாம். போனாலும் பாக்கி கூடவே போகும். முதலாளி மாறுவார், தொகை மாறாது.

1976-ல் வந்த கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் இதைத் தெளிவாகவே பேசுகிறது. வாங்கின முன்பணத்துக்காக ஒருவர் வேறு வேலைக்குப் போகும் உரிமையை இழந்தால், அது கொத்தடிமை வேலைதான். கோட்டாட்சியரிடமோ மாவட்ட ஆட்சியரிடமோ புகார் கொடுத்தால் அவர்கள் விசாரித்தாக வேண்டும். கொத்தடிமை என்று உறுதியானால் அந்தக் கடனே செல்லாது. தறிப்பட்டறையில் ஆகட்டும், செங்கல் சூளையில் ஆகட்டும், உனக்குத் தெரிந்தவர்கள் யாராவது அப்படி மாட்டியிருந்தால் அவர்களுக்கு இதைச் சொல்லு.

கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்று நடந்ததும் இதே கதைதான், பணம் கைமாறுகிற முனை மட்டும் வேறு. வயசுப் பெண்களை மூன்று வருஷத்துக்கென்று சேர்த்து விடுதியில் வைத்திருப்பார்கள். மூன்று வருஷ முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தத் தொகை தருவதாகப் பேச்சு. நடுவில் உடம்பு முடியாமல் வீட்டுக்கு வந்துவிட்ட பிள்ளைகளில் பலருக்கு அந்தத் தொகை கைக்கு வரவில்லை. எத்தனை நாள் இருப்பது என்று அந்தப் பெண்ணை ஒருத்தரும் கேட்கவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

இத்தனை பழங்கதை எதற்கு என்று நினைக்காதே. உன் சம்பளக் கணக்கில் மாசம் ஐந்தாம் தேதி கழிகிற இஎம்ஐ இருக்கிறதே, அதுவும் என் இரண்டாவது நோட்டில் ஏறுகிற சமாச்சாரம்தான். வேலையில் சேர்ந்த மூன்றாம் மாசம் தவணையில் பைக், ஆறாம் மாசம் தவணையில் போன், தங்கச்சி கல்யாணத்துக்குத் தனிநபர் கடன். பிறகு மேலாளர் சரியில்லை, ராத்திரி ஷிப்டு ஒத்துவரவில்லை என்றால் எந்தக் காலை எடுத்து வெளியே வைப்பாய்? வேலை உனக்குப் பிடிக்கிறதா என்று நிச்சயமாகத் தெரிகிற வரைக்கும் தவணையில் எதையும் வாங்காதே. இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

அந்தக் காலத்தில் வேலையை விட்டுவிட்டு வந்தால் காடு இருந்தது. சேலம் ஊருக்குக் குடிதண்ணீர் கொடுக்க 1911-ல் கட்டின ஏரி நம் ஊரில் இருக்கிறது, இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல். அதில் தண்ணீர் நின்ற வருஷங்களில் சுற்றுவட்டாரக் கிணறுகளிலும் ஊற்று இருந்தது. ஏரி காய்ந்து சீமைக்கருவேலம் மூடின பிறகு, வீட்டுக்கு ஒரு ஆளாவது வெளியே சம்பாதித்தாக வேண்டும் என்று ஆகிவிட்டது. இப்போது அரளி நம்மைத் தாங்குகிறது. விடியும் முன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மொட்டுப் பறித்து, சேலம் வ.உ.சி. பூ மார்க்கெட்டுக்கு அனுப்புகிறோம். ஆயுத பூஜைக்கு விலை ஏறும், மழைக்காலத்தில் விழும். அரளி நட்ட மாசமே பூக்கவில்லை என்று செடியைப் பிடுங்குகிறவர் நம் ஊரில் இல்லை, வேர் அழுகின செடிக்கு வருஷக்கணக்கில் தண்ணீர் கட்டுகிறவரும் இல்லை. வேலைக்கும் அந்தப் பார்வை வேண்டும்.

பிடிக்காத வேலையில் இருந்தாலே வாழ்க்கை வீண் என்று இப்போது சில பேர் சொல்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. நாமக்கல் நாமகிரித் தாயாரைக் குலதெய்வமாகக் கும்பிட்ட குடும்பத்துப் பிள்ளை ராமானுஜன், பிறந்தது ஈரோட்டில். கல்லூரித் தேர்வில் தேறவில்லை, கல்யாணமும் ஆகிவிட்டது. கையில் இருந்தது கணக்கு நோட்டு மட்டும். அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் மாசம் 20 ரூபாய்க்குக் கொஞ்ச நாள் தற்காலிகமாக இருந்துவிட்டு, 1912 மார்ச் 1-ல் சென்னைத் துறைமுகத்தில் கணக்கு எழுத்தராகச் சேர்ந்தார். சம்பளம் 30 ரூபாய். உலகத்துக்கே புதிதான சூத்திரங்கள் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிற ஒருவர் துறைமுகத்து வரவு செலவைக் கூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கணக்கு எழுதுகிறவனாக எனக்கு அந்த நாற்காலியின் அலுப்பு தெரியும்.

ஆனால் அந்த நாற்காலி அவருக்கு என்ன கொடுத்தது என்று பார். வீட்டில் அடுப்பு எரிந்தது. அம்மாவும் மனைவியும் கூட வந்து இருக்க முடிந்தது. மேலே இருந்த நாராயண ஐயர் கணிதம் தெரிந்தவர். வேலை முடிந்த நேரத்தில் இரண்டு பேரும் சிலேட்டை வைத்துக்கொண்டு உட்காருவார்கள். துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் வரைக்கும் செய்தி போயிற்று. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதும்போது, தான் துறைமுகக் கணக்குப் பிரிவில் ஒரு எழுத்தர் என்றும் வருஷத்துக்கு 20 பவுன் சம்பளம் என்றும் சொல்லித்தான் ராமானுஜன் தொடங்கினார். அந்த மே மாசம் சென்னைப் பல்கலைக்கழகம் மாசம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. அன்றோடு கூட்டல் கழித்தல் நின்றது. மொத்தம் பதினான்கு மாசம். அதே மாதிரி சர் சி.வி. ராமன் நிதித் துறையில் 1907 முதல் பத்து வருஷம் அதிகாரியாக இருந்துகொண்டு, காலையிலும் மாலையிலும் கல்கத்தாவில் ஆராய்ச்சி பண்ணினார். பிறகு குறைந்த சம்பளத்துக்குப் பேராசிரியராகப் போனார்.

ஒருத்தருக்குப் பதினான்கு மாசம், இன்னொருத்தருக்குப் பத்து வருஷம். ஆகவே இத்தனை மாசம் என்று பொதுவாக ஒரு கணக்குச் சொல்ல எனக்கு வராது. நான் உன்னைக் கேட்பது இதுதான்: ஷிப்டு முடிந்து வந்த பிறகு உனக்கு ஒரு மணி நேரமாவது தெளிவான தலை மிச்சமிருக்கிறதா? இருந்தால், அந்த வேலை எத்தனை கசந்தாலும் கொஞ்ச காலம் தாங்கலாம். அந்த ஒரு மணி நேரத்தில் அடுத்த வேலைக்கான படிப்பையோ தொழிலையோ கற்றுக்கொள். வந்ததும் சோறுகூட இறங்காமல் படுத்து, விடிந்தால் வயிறு கலங்குகிற மாதிரி இருந்தால், நீ வைக்கிற தேதி கிட்டத்தில் இருக்கட்டும்.

தேதியைக் காகிதத்தில் எழுது. திட்டு வாங்கின அன்றைக்கு எழுதாதே, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்து வயிறாரச் சாப்பிட்ட பிறகு எழுது. வீட்டுச் செலவு ஆறு மாசத்துக்கு எவ்வளவு என்று அம்மாவோடு உட்கார்ந்து கூட்டிப் பார். அப்பாவைவிட அம்மாவுக்குத்தான் சரியான தொகை தெரியும். அந்தப் பணம் சேர எத்தனை மாசம் ஆகுமோ, அந்தத் தேதியிலிருந்து யோசிக்கத் தொடங்கு.

அடுத்து, உனக்குச் சேர வேண்டியது எந்தெந்தத் தேதியில் உனக்கு உரிமையாகிறது என்று பார். இதில்தான் நம் பிள்ளைகள் அதிகமாக ஏமாறுகிறார்கள். பணிக்கொடை என்கிற கிராஜுவிட்டிக்கு நிரந்தரத் தொழிலாளி ஐந்து வருஷம் தொடர்ந்து இருக்க வேண்டும். வருஷத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம், மாசத்தை 26 நாளாகக் கணக்கிட்டுத் தருவார்கள். கடைசிச் சம்பளத்தில் அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து 20,000 ரூபாய் என்றால், ஐந்து வருஷத்துக்கு 57,692 ரூபாய். நாலே முக்கால் வருஷத்தில் கோபித்துக்கொண்டு எழுந்து போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கும் வழி இருந்தது. மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் 1998-ல் சென்னை உயர்நீதிமன்றம், ஐந்தாம் வருஷத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் அந்த வருஷம் முழு வருஷமாகவே கணக்கு என்று தீர்ப்புச் சொன்னது. குறித்த காலத்துக்கென்று நேரடி ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டவர்களுக்கு, 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தொகுப்பில் ஒரு வருஷமே போதும்.

வருங்கால வைப்பு நிதியில் ஓய்வூதியத்துக்குப் பத்து வருஷச் சேவை வேண்டும். அது ஒரே கம்பெனியில் இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வேலையை விடும்போதும் பிஎப் பணத்தை எடுத்துச் செலவழிக்கிறாயே, ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து எடுத்தால் அந்த வருஷங்கள் அழிந்து போகின்றன. பணத்தைப் புதுக் கணக்குக்கு மாற்றினால் வருஷம் வருஷத்தோடு சேரும்.

பாண்டு எழுதிக் கொடுத்திருந்தால் அதை அலட்சியமாக நினைக்காதே. மூன்று வருஷத்துக்குள் விலகினால் இரண்டு லட்சம் கட்ட வேண்டும் என்ற விஜயா வங்கியின் நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025-ல் சொல்லிவிட்டது. கையெழுத்துப் போடும் முன் தொகையையும் காலத்தையும் படி. அசல் சான்றிதழை மட்டும் யார் கேட்டாலும் கொடுக்காதே, நகல் கொடு.

இத்தனை கணக்கும் ஒரு இடத்தில் செல்லாது. கை நீட்டி அடிக்கிற இடம், பெண்பிள்ளையிடம் முறை தவறி நடக்கிற இடம், சாதி சொல்லி ஏசுகிற இடம், விரல் போகும் என்று தெரிந்தும் மிஷினுக்குக் காப்பு மாட்டாத இடம். அங்கே ஐந்து வருஷமும் இல்லை, பணிக்கொடையும் இல்லை. அன்றைக்கே பஸ் ஏறு. ராத்திரி எந்நேரமானாலும் சேலத்துக்கு வந்துவிட்டால் போன் பண்ணு, வண்டியோடு யாராவது வருவோம். பாண்டுப் பணத்தையும் பாக்கிச் சம்பளத்தையும் பிறகு தொழிலாளர் அலுவலகத்தில் பேசிக்கொள்ளலாம். வீட்டில் என்ன சொல்வார்களோ என்று பயந்து அங்கேயே கிடக்காதே. உன் வீட்டாரிடம் நான் பேசுகிறேன்.

மற்றபடி நீ குறித்த தேதி வந்துவிட்டால் முறையாக விலகு. எழுத்தில் ராஜினாமா கொடு, நோட்டீஸ் காலத்தை ஒழுங்காக வேலை பார்த்து முடி, விடுவிப்புக் கடிதமும் கடைசி மூன்று மாசச் சம்பளச் சீட்டும் வாங்கு. பிஎப் கணக்கில் நீ விலகின தேதி ஏறியிருக்கிறதா என்று பார். கம்பெனிக்காரர் ஏற்றாவிட்டால், கடைசியாகப் பணம் கட்டின மாசத்திலிருந்து இரண்டு மாசம் கழித்து நீயே ஏற்றலாம். செய்யத் தெரியாவிட்டால் ஆதாரோடு சேர்த்த போனை எடுத்துக்கொண்டு வா. அந்த வேலை இன்னும் எனக்கு மறக்கவில்லை.