நான்கு ஒப்புதல், ஒரு திரை

பூட்டு உடையவில்லை. ஆனாலும் 2024 ஜூலை 18 அன்று வாசிர்எக்ஸ் என்ற இந்திய கிரிப்டோ சந்தையிலிருந்து சுமார் 2,000 கோடி ரூபாய் பறிபோனது. சந்தையின் ஊழியர்கள் மூவரும் பெட்டகம் காக்கும் நிறுவனமும் சம்மதித்தால்தான் பணம் நகரும் என்பது ஏற்பாடு. நான்கு சம்மதங்களும் கிடைத்தன. திரையில் தெரிந்தது ஒன்று, கையெழுத்தானது வேறொன்று என்றது வாசிர்எக்ஸ். 2025 பிப்ரவரியில் பைபிட் சந்தை 150 கோடி டாலர் இழந்ததும் இதே தந்திரத்தில்தான்.

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களுக்கு இது புரியும். 1956இல் மாநில எல்லை வகுத்தபோது இவை கேரளத்தில் நின்றன. பத்திரம் மலையாளத்தில் இருக்கும். தமிழ் பேசும் முதியவர்கள் பலருக்கு அந்த எழுத்து வாசிக்க வராது. "தம்பி, பேசினதுதானே எழுதியிருக்கு?" என்று என்னைக் கேட்பார்கள். நான் படித்துச் சொன்ன பிறகும் இன்னொருவரிடம் காட்டிவிட்டே பேனாவை எடுப்பார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை, மொழிபெயர்ப்பாளனும் விலைபோகக்கூடியவன்தானே.

கிரிப்டோ சந்தைகள் கற்க வேண்டியது இதைத்தான். நான்கு பேரும் ஒரே திரையை நம்பினால் அது ஒரே கையெழுத்துதான். பணம் எங்கே, எவ்வளவு போகிறது என்பதைக் கையெழுத்திடும் கருவியே தெளிவாகக் காட்ட வேண்டும். தொடர்பில்லாத இன்னொரு கணினியில் ஒத்துப்பார்க்க வேண்டும். விளங்காவிட்டால் கையெழுத்து கூடாது.