தீவகத்தில் எங்கே உண்பது?



பாடசாலை விடுமுறை நெருங்கிவிட்டது. கடந்த ஞாயிறு திருப்பலி முடிந்து மண்டபத்தில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, ஆகஸ்ட் மாதத்தில் பிள்ளைகளோடு ஊருக்குப் புறப்படும் ஓர் இளந்தாய் என்னிடம் வந்தார். "பாதர், தீவுப் பக்கம் போனால் எங்க சாப்பிடலாம்? கூகுளில தேடினன், ஒண்டும் பெரிசாக் காட்டுதில்லை" என்று கேட்டார். அவருடைய அம்மம்மாவின் ஊர் புங்குடுதீவு. அவர் இதுவரை அம்மண்ணை மிதித்ததில்லை. அன்று இரண்டு வார்த்தையில் பதில் சொல்லி அனுப்பினேன். இவ்வாண்டு பயணம் செய்யும் குடும்பங்கள் பல இருப்பதால், முழுப் பதிலையும் இங்கே எழுதுகிறேன்.

குட்மேய்ஸில் பசித்தால் வீதியில் இறங்கினால் போதும். தீவகம் அப்படியன்று. 1990, 1991 ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வில் வேலணையும் புங்குடுதீவும் ஊர்காவற்றுறையும் பெரும்பாலும் வெறுமையாயின. திரும்பி வந்தோர் சிலரே. கூரையிழந்த கல்வீடுகளை இன்றும் வீதியோரத்தில் காண்பீர்கள். ஆளில்லாத ஊரில் உணவகம் எப்படி நிலைக்கும்? ஆகவே, கடைகள் குறைவாக இருப்பதைக் கண்டு முகம் சுளிக்காதீர்கள். அவை குறைந்ததற்கு நாம் இங்கே வந்து சேர்ந்ததும் ஒரு காரணம்.

இனி வழியைச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்தால் மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, பிறகு வேலணை. காலை உணவை நகரிலேயே முடித்துக்கொள்ளுங்கள். ஆனால் வயிறு நிறைய உண்ணாதீர்கள். ஆகஸ்டில் சோளகக் காற்று வீசும், படகு ஆடும். சாட்டியில் சிந்தாத்திரை மாதாவின் திருத்தலத்தில் சற்று நின்று செபித்துவிட்டுச் செல்லுங்கள். கடலோடிகளின் அன்னை அவர்.

வேலணையிலிருந்து தாம்போதி வழியே புங்குடுதீவை அடைந்து, குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வருவீர்கள். அங்கே தேநீரும் வடையும் கிடைக்கும். நயினாதீவு இருபது நிமிடத்துக்குள் வந்துவிடும். நெடுந்தீவுக்கு ஒரு மணி நேரம் வரை செல்லும். நெடுந்தீவுப் படகில் ஏறும்போது 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் வெட்டிக் கொல்லப்பட்டவர்களுக்காக ஒரு செபம் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கும் அதை எடுத்துக் கூறுங்கள்.

நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோவிலை அடுத்து அமுதசுரபி அன்னதான மண்டபம் இருக்கிறது. மணிமேகலை அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியைப் பெற்ற மணிபல்லவம் இத்தீவே என்று பலர் நம்புகின்றனர். அப்பெயர் அதனால் வந்தது. வந்தவர் எவராயினும் அங்கே பந்தியில் அமரலாம். "கத்தோலிக்கர் அங்கே உண்ணலாமா?" என்று சிலர் என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டதுண்டு. நான் உண்டிருக்கிறேன். பசித்து வந்தவருக்கு அன்போடு இடப்படும் சோறு அது. சைவ முறைப்படி சுத்தமாகச் சென்று, நன்றியோடு உண்டு, உங்களால் இயன்ற காணிக்கையைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

காரைநகரையும் ஊர்காவற்றுறையையும் பிரிக்கும் கடலில், முன்பு சிறையாகவும் இருந்த பழைய ஒல்லாந்தர் கோட்டையில், கடற்படையினர் ஒரு விடுதியை நடத்துகின்றனர். வசதியான இடந்தான். அங்கே உண்பதா என்பதை உங்கள் மனச்சாட்சிக்கு விட்டுவிடுகிறேன்.

எஞ்சுவது நெடுந்தீவு. அங்கே சிறு கடைகள் உண்டு. ஆனால் நெடுந்தீவின் உண்மையான உணவு வீடுகளில்தான் இருக்கிறது. இதைப் பற்றிப் பேசுமுன், நான் செய்த இரண்டு பிழைகளை உங்களிடம் அறிக்கையிட வேண்டும்.

இலண்டனுக்கு வந்தபின் முதன்முறையாக விடுமுறையில் சென்றபோது, இங்குள்ள ஒருவர் நெடுந்தீவிலிருந்த தம் தாயாரிடம் சேர்க்குமாறு ஒரு பொதி தந்திருந்தார். வயிற்றுக்கு ஒவ்வாமல் போகுமோ என்ற அச்சத்தில் யாழ்ப்பாணத்திலிருந்தே சோற்றுப் பார்சல் கட்டிச் சென்றேன். படகிலிருந்து இறங்கியதும் அதை உண்டும் விட்டேன். அம்மூதாட்டியின் முற்றத்தில் ஒடியற்கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கையிலை எல்லாம் அதில் இருந்தன. பனையோலையில் பிளாவும் கோலி வைத்திருந்தார். "சுவாமி, ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்கோ" என்றார். சாப்பிட்டுவிட்டேன் என்று சொன்னேன். "அதுக்கென்ன சுவாமி" என்று சிரித்து, பானையை மூடினார். திரும்பும் வழியில் ஓட்டோக்காரத் தம்பி சொன்னார், நல்ல நண்டு வேண்டுமென்று முதல்நாளே அவர் கரைக்கு நடந்து போயிருந்தாராம். குருநகர்க் கரையில் வளர்ந்த எனக்கு ஒரு பானைக் கூழின் பாடு தெரியாததன்று. தெரிந்திருந்தும் மறுத்தேன்.

அந்தக் குற்றவுணர்வில் அடுத்த பயணத்தில் வேறொரு பிழை செய்தேன். பதினொரு பேரை அழைத்துக்கொண்டு, முன்னறிவித்தல் இன்றி, மதிய வேளையில் வேறொரு வீட்டின் படலையைத் திறந்தேன். கணவன் கடலுக்குப் போகாத நாள், காற்றுக் கடுமை. ஆயினும் சோறும் கருவாட்டுக் குழம்பும் முட்டைப் பொரியலும் எங்கள் முன் வந்தன. நாங்கள் மகிழ்ந்து உண்டோம். புறப்படும் வேளையில் கைகழுவக் குசினிப் பக்கம் போனபோது, வீட்டுத் தலைவி பிள்ளைகளுக்கு வெறும் தேநீரில் பாண் தோய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். அவர் என்னைக் காணவில்லை.

ஆண்டவர் தம் சீடர்களை அனுப்பியபோது, ஏற்றுக்கொள்ளும் வீட்டில் வைப்பதை உண்ணுங்கள் என்று பணித்ததை லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். முதற்பயணத்தில் அதை மீறினேன். இரண்டாம் பயணத்தில் அதைச் சாக்காக்கினேன். உயிர்த்த ஆண்டவரோ திபேரியாக் கடற்கரையில் தாமே கரிநெருப்பு மூட்டி வைத்திருந்தார். அப்படியிருந்தும் சீடர்கள் பிடித்த மீனிலும் சில கொண்டுவரச் சொன்னார். இருபுறத்தாரும் ஏதோ ஒன்றைக் கொண்டுவந்த விருந்து அது.

ஆகவே என் ஆலோசனை இதுதான். நெடுந்தீவில் உறவினரோ அறிமுகமானவரோ இருந்தால் இரண்டு நாள் முன்னதாகத் தொலைபேசியில் பேசி, எத்தனை பேர் என்பதைச் சரியாகச் சொல்லுங்கள். அரிசி, மரக்கறி, தேங்காய் எல்லாவற்றையும் நகரிலிருந்து நீங்களே கொண்டுசெல்லுங்கள். மீனுக்கும் நண்டுக்குமான பணத்தை முன்கூட்டியே சேர்ப்பியுங்கள். விருந்து முடிந்தபின் நீட்டினால் வாங்கமாட்டார்கள். அறிமுகம் எவருமில்லையெனில், காலையில் இறங்கியதும் ஒரு சிறு கடையில் மதியச் சாப்பாட்டுக்குச் சொல்லிவைத்துவிட்டுக் கோட்டையையும் பெருக்க மரத்தையும் குதிரைகளையும் பார்க்கச் செல்லுங்கள். குடிநீரைக் கொண்டுசெல்லுங்கள், அவர்கள் நீரை ஐயுற்று அன்று, அங்கே நன்னீர் அருமை என்பதால். வெற்றுப் போத்தல்களைத் திரும்ப எடுத்து வாருங்கள். கடைசிப் படகின் நேரத்தை இறங்குதுறையிலேயே கேட்டு வையுங்கள்.

பரிமாறும் அம்மாவையும் பிள்ளைகளையும் உங்களோடு அமர்ந்து உண்ணும்படி கேளுங்கள். முதலில் மறுப்பார்கள். மீண்டும் கேளுங்கள். உங்கள் பிள்ளைகளுக்குக் கூழ் உறைக்கும். அழுதாலும் ஒரு வாயாவது குடிக்கட்டும். வெள்ளிக்கிழமை சென்றால் சுத்தபோசனத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். அந்தக் கரையில் மீனுண்பது தவமாகத் தோன்றாது என்பதே குறை.

அம்மூதாட்டியின் மகன் இன்றும் நம் திருப்பலிக்கு வருகிறார். தாயார் காலமாகி ஆண்டுகள் சில ஆகிவிட்டன. "பாதருக்குக் கூழ் குடுக்கேல்லை எண்டு அம்மா கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தவ" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். மறுத்தவன் நானே என்பதை அன்று அவரிடம் சொன்னேன். இன்று உங்களுக்கும் சொல்கிறேன்.

பயணம் செல்வோர் வரும் ஞாயிறு திருப்பலி முடிவில் முன்வந்து நில்லுங்கள். உங்களுக்காகச் சிறப்பாகச் செபிப்போம்.

இறையாசீர் உங்களோடு இருப்பதாக.

செபத்துடன்,
உங்கள் பணியாளன்