தண்ணி பார்த்தாச்சா?

நாமக்கல்லில் லாரி நிற்கும் வீடுகளில் விடிகாலையில் கேட்கும் முதல் பேச்சு இதுதான். ஆயில் பார்த்தாச்சா, தண்ணி பார்த்தாச்சா, டயர் தட்டியாச்சா? கேட்பவர் ஓனர், "பார்த்தாச்சுங்க" என்பவர் டிரைவர். அப்பா கேட்டார், அவருக்குப் பிறகு நானும் பல வருடம் கேட்டேன். அப்பா காலத்தில் தண்ணி பார்ப்பது என்றால் ரேடியேட்டர் மூடியைத் திறந்து விரலை விடுவது. விரல் நனைந்தால் சரி. இப்போது டேங்க் வெளியே தெரிகிறது. மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் நடுவில் பச்சையாக நின்றால் சரி. இந்தப் 'பார்த்தாச்சு' என்ற சொல்லை நம்பி நான் ஒரு இஞ்சினை இழந்தேன்.

நாசிக்கிலிருந்து வெங்காயம் ஏற்றி வந்து, லோடு இறக்கி, ராத்திரி செட்டில் நிறுத்திய வண்டி. மறுநாள் காலை செல்ஃப் எடுக்கவில்லை. பேட்டரி இறங்கிவிட்டது என்று நினைத்து வேறு பேட்டரி போட்டு அடித்தோம். உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பட்டறையில் ஹெட்டைக் கழற்றியபோது மூன்றாவது சிலிண்டரில் பிஸ்டன் தலைமேல் பச்சைத் தண்ணீர் குளம் கட்டி நின்றது. ராத்திரி முழுக்கச் சொட்டிச் சொட்டி நிறைந்திருக்கிறது. பிஸ்டன் காற்றை அமுக்கும்; தண்ணீரை அமுக்க அதனால் ஆகாது. நாங்கள் சாவியைத் திருகிய வேகத்தில் கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது.

ஹெட் கேஸ்கட் போயிருக்கும் என்றுதான் எல்லோரும் சொன்னோம். எங்களுக்கு இருபது வருடமாக இஞ்சின் வேலை பார்க்கும் அண்ணன் மட்டும் ஒன்றும் சொல்லாமல் லைனரை இழுத்து வெளியே எடுத்தார். கிரீஸ் துணியால் துடைத்து வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். "இங்க வந்து பாரு தம்பி." உட்புறம் கண்ணாடி போலப் பளபளத்தது, ஹோனிங் கோடு கூட அழியவில்லை. அந்தப் பளபளப்பின் நடுவில் ஊசி முனை அளவுக்கு ஒரு வெளிச்சப் புள்ளி. லைனரைத் திருப்பினார். வெளிப்புறத்தில் ஒரு பக்கம் மட்டும் மேலிருந்து கீழாக ஒரு வரிசைக்குக் கரையான் அரித்த மரம் போலக் குழிகள். ஒன்றில் நகத்தை வைத்தேன், நகம் உள்ளே இறங்கியது. மற்ற பக்கமெல்லாம் வழவழப்பாகவே இருந்தது. இரும்பை வெளியிலிருந்து உள்ளே துளைத்துக்கொண்டு போயிருக்கிறது, ஒரு நாள் கூட சத்தம் கேட்கவில்லை.

இந்த இஞ்சினில் இருப்பது வெட் லைனர். அதாவது சிலிண்டரின் வெளிச்சுவரைக் கூலன்ட் நேராகத் தொட்டுக்கொண்டு ஓடும். டீசல் வெடிக்கும்போது பிஸ்டன் ஒரு பக்கமாகச் சாய்ந்து லைனரை அடிக்கிறது; லைனர் மணி போல அதிர்கிறது. இஞ்சின் நிமிடத்துக்கு 1,800 சுற்று ஓடினால் ஒவ்வொரு சிலிண்டரும் நிமிடத்துக்கு 900 முறை வெடிக்கும். ஒவ்வொரு அதிர்விலும் சுவர் சட்டென்று பின்வாங்கும்போது அதை ஒட்டிய திரவத்தில் நுண்ணிய ஆவிக் குமிழ்கள் தோன்றும். சுவர் திரும்பி வரும்போது அவை நொறுங்கும். நொறுங்கும் ஒவ்வொரு குமிழும் இரும்பின் மேல் ஒரு சிற்றுளி அடி. பிஸ்டன் சாயும் பக்கத்தில்தான் குழிகள் வரிசை கட்டியதற்கு இதுவே காரணம்.

கனரக டீசலுக்கென்று செய்த கூலன்ட்டில் இதைத் தடுக்க மருந்து உண்டு. பழைய வகையில் அது பெரும்பாலும் நைட்ரைட். இரும்பின் மேல் மெல்லிய படலம் கட்டி, அடியைத் தான் வாங்கிக்கொள்ளும். படலம் தேய்ந்தால் நைட்ரைட் செலவழிந்து புதுப் படலம் கட்டும். செலவழியும் பொருள் ஒருநாள் தீரும். தீரும்போது நிறமும் அளவும் மாறாது. பச்சை பச்சையாகவே நிற்கும்.

டிரைவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ரெண்டு நடையா தண்ணி குறைஞ்சுதுங்கண்ணா, தெனமும் ஒரு லிட்டர் ஊத்திக்கிட்டேங்க" என்றார். பங்க்கில் குழாய்த் தண்ணீர், தாபாவில் டிரம் தண்ணீர், ஊருக்குள் போர் தண்ணீர். குறைந்தால் ஊற்று என்றுதான் அவருக்கு நாங்கள் கற்றுக் கொடுத்திருந்தோம். ஊற்றினார். எங்கே போகிறது என்று நான் கேட்டதில்லை. தப்பு அவருடையது அல்ல. 'தண்ணி' என்ற சொல்லே எங்களை ஏமாற்றியிருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். ஆயிலை யாரும் தண்ணி என்று சொல்வதில்லை, அதனால் அதில் வேறெதையும் கலப்பதும் இல்லை.

அந்த வேலை முடிந்து வண்டி வெளியே வந்த வாரம், ஒளிவிலகல் பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்றும் டெஸ்ட் ஸ்ட்ரிப் டப்பா ஒன்றும் வாங்கினேன். இன்னொரு வண்டி அன்று செட்டில்தான் நின்றது. அதைத்தான் முதலில் சோதித்தேன்.

மாதிரி எடுப்பதிலேயே பாதி விஷயம் இருக்கிறது. வெளியே தெரியும் டேங்க்கிலிருந்து எடுக்கக் கூடாது. ஊற்றிய தண்ணீர் அங்கேதான் மேலாக நிற்கும், அது இஞ்சினுக்குள் ஓடும் திரவம் அல்ல. ரேடியேட்டரிலிருந்தோ அடியிலுள்ள வடிகுழாயிலிருந்தோ எடுக்க வேண்டும், அதுவும் இஞ்சின் நன்றாக ஆறிய பிறகு. மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால் 100 டிகிரியைத் தாண்டியும் திரவம் கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய், மொத்தமும் ஒரே நேரத்தில் கொதித்து மேலே பாயும். அப்பாவின் வலது முன்கையில் முழங்கை வரைக்கும் ஒரு தழும்பு உண்டு. தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் ஹீட் ஆகி நின்ற வண்டியின் மூடியை, ஈரச் சாக்கைப் போட்டுத் திருகியபோது வாங்கியது. கிளீனர் பையன்கள் யாராவது சூட்டோடு மூடியில் கை வைத்தால் இன்றைக்கும் நான் கத்திவிடுவேன்.

ரிஃப்ராக்டோமீட்டர் சின்ன டார்ச் போல இருக்கும். முனையில் சாய்வான கண்ணாடிப் பட்டகம். முதலில் டிஸ்டில்ட் வாட்டர் இரண்டு சொட்டு விட்டுக் கோடு பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்துத் திருகைச் சரிசெய்தேன். துடைத்துவிட்டுக் கூலன்ட் இரண்டு சொட்டு. மூடியை மெதுவாக அமுக்கினால் குமிழ் இல்லாமல் பரவும். வானத்தைப் பார்த்துக் கண்ணில் வைத்தால் மேலே நீலம், கீழே வெள்ளை, இரண்டும் சேரும் இடத்தில் ஒரு கோடு. கோடு, கூலன்ட்டின் மூலப்பொருளான எத்திலீன் கிளைக்காலின் உறைநிலை அளவுகோலில் மைனஸ் 8 டிகிரிக்குப் பக்கத்தில் நின்றது. சரிபாதி கலந்த கூலன்ட் என்றால் மைனஸ் 37-இல் நிற்க வேண்டும். மைனஸ் 8 என்றால் கிளைக்கால் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கிறது, மீதி வெறும் தண்ணீர்.

"நம்ம ஊர்ல எங்கங்கண்ணா பனி உறையுது?" என்று டிரைவர் கேட்டார். நியாயமான கேள்வி. நம் வாசலில் ஓடும் 44-ஆம் எண் நெடுஞ்சாலை வடக்கே ஸ்ரீநகரில் தொடங்குகிறது. ஆப்பிள் ஏற்றப் போகிற வண்டிக்கு அந்த மைனஸ் எண் உயிர். ஆனால் தொப்பூர் ஏறும் வண்டிக்கும் அதே எண் வேறு வகையில் முக்கியம். கிளைக்கால் குறைந்திருக்கிறது என்றால் அதோடு வந்த மருந்தும் அதே அளவுக்கு நீர்த்திருக்கிறது. கொதிநிலையும் இறங்கியிருக்கிறது. சரிபாதிக் கலவை திறந்த பாத்திரத்திலேயே சுமார் 107 டிகிரியில்தான் கொதிக்கும். இதைச் சொன்னதும், அப்படியானால் கலக்காமல் முழுக் கூலன்ட்டையே ஊற்றலாமே என்பார்கள். கூடாது. கிளைக்கால் தண்ணீர் அளவுக்குச் சூட்டைச் சுமக்காது. தனிக் கிளைக்கால் மைனஸ் 13-க்குப் பக்கத்திலேயே உறையவும் செய்யும். இரண்டும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும்.

ரிஃப்ராக்டோமீட்டர் கிளைக்காலை மட்டும்தான் சொல்லும், மருந்து எவ்வளவு மிச்சம் என்று சொல்லாது. அதற்குத்தான் ஸ்ட்ரிப். தீப்பெட்டிக் குச்சியைவிடக் கொஞ்சம் அகலமான பிளாஸ்டிக் பட்டை, அதில் சின்னச் சின்னக் கட்டங்கள். முக்கி எடுத்து உதறிவிட்டு, டப்பாவில் போட்டிருக்கும் நேரத்துக்குள் நிறத்தை ஒப்பிட வேண்டும். தாமதித்தால் நிறம் ஏறிப் பொய் சொல்லும். டப்பா மூடியைத் திறந்து போட்டாலும் காற்றின் ஈரத்தில் பட்டை கெட்டுவிடும். நைட்ரைட் இருந்தால் கட்டம் இளஞ்சிவப்பாகும். நைட்ரைட்டை மட்டும் நம்பும் கூலன்ட்டுக்கு 1,200 பிபிஎம் இருக்க வேண்டும் என்பது கணக்கு. எங்கள் பட்டை நனைந்த காகிதம் போல வெளுத்தே கிடந்தது. அந்த நிமிடம் எனக்கு வெங்காய வண்டியின் லைனரில் பார்த்த வெளிச்சப் புள்ளி ஞாபகம் வந்தது. இந்த வண்டியும் அதே வழியில்தான் போய்க்கொண்டிருந்தது.

இதில் ஒரு எச்சரிக்கை. புது வகைக் கூலன்ட்டுகள் சிலவற்றில் நைட்ரைட்டே கிடையாது, கரிம அமிலங்கள்தான் காவல். அவற்றில் இந்தக் கட்டம் வெளுத்திருப்பது குற்றமில்லை. வெளுப்பைப் பார்த்துப் பயந்து நைட்ரைட் மருந்தை ஊற்றினால் நல்லதைக் கெடுத்தவர்கள் ஆவோம். அளவுக்கு மீறிய மருந்து கொழகொழவென்று படிந்து வாட்டர் பாடி (தண்ணீர் பம்ப்) சீலைத் தின்னும். ஆகவே உள்ளே இருப்பது எது என்று முதலில் தெரிய வேண்டும். நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் கம்பெனிகள் கலக்கும் சாயம், நிறத்துக்குப் பொதுச் சட்டம் கிடையாது. கேனின் பின்பக்க எழுத்தைப் படித்து, ஊற்றிய தேதியோடு வண்டி நோட்டில் எழுதி வைப்பது ஒன்றே வழி.

பிஎச் கட்டமும் பார்க்க வேண்டும். சூட்டிலும் காற்றிலும் கிளைக்கால் மெல்ல அமிலமாக மாறும். 7-க்குக் கீழே இறங்கிவிட்டால் அந்தத் திரவம் காவலை விட்டு அரிப்புக்கு மாறிவிட்டது என்று அர்த்தம். டாப்-அப் செய்து பயனில்லை, முழுக்க இறக்கிக் கழுவ வேண்டும். மல்டிமீட்டர் சோதனையும் சுலபம். கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவில், சிவப்பு முனை திரவத்தில். 0.3 வோல்ட்டைத் தாண்டினால் எங்கோ எர்த் சரியில்லை, அல்லது மருந்து செத்துவிட்டது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 வண்டிகள் பலவற்றில் புகைக் குழாயிலிருந்து திரும்பும் சூட்டையும் இதே திரவம்தான் ஆற்றுகிறது. அதன் சுமை கூடியிருக்கிறது.

அன்றைக்கே இரண்டாவது வண்டியில் இருந்ததை இறக்கினோம். 30 லிட்டருக்கு மேல் வந்தது; ஒரு டிரம்மில் பிடித்து மூடி வைத்தேன். பட்டறைகளில் இதைச் சாக்கடையில் விடுகிறார்கள், மண்ணில் விடுகிறார்கள். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் விஷம். நாய் நக்கும், ஆடு குடிக்கும், சின்னக் குழந்தை விரலால் தொட்டு வாயில் வைக்கும், சிறுநீரகத்தைக் கொன்றுவிடும். அதனால் எங்கள் செட்டில் இது மண்ணில் விழக் கூடாது என்பது கட்டளை. சுத்தம் செய்து புதிதாக ஊற்றும்போது பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரைத்தான் கலந்தோம். போர் தண்ணீரின் உப்பும் சுண்ணாம்பும் உள்ளே படிந்து, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைத்துவிடும். கேன் வாங்கிய செலவை நோட்டில் எழுதும்போது, ஒரு லைனர் செட்டின் விலையும் பக்கத்தில் எழுதி வைத்தேன்.

இப்போது வண்டிக்கு ஐந்து லிட்டர் கலந்த கூலன்ட் கேபினிலேயே இருக்கும். குறைந்தால் அதிலிருந்து ஊற்றி, எத்தனை லிட்டர், எந்த ஊர், எத்தனை கிலோமீட்டர் என்று டிரைவர் எழுதுவார். ஒரே நடையில் இரண்டாம் முறை ஊற்ற வேண்டி வந்தால் எனக்குப் போன் வரும்.

போன மாதம் நாக்பூரில் இருந்து ராத்திரி ஒன்பது மணிக்குப் படம் ஒன்று வந்தது. டிரைவர் உள்ளங்கையில் ஸ்ட்ரிப், பக்கத்தில் டப்பாவின் நிற அட்டை. கட்டம் மஞ்சளா சிவப்பா என்று எனக்குப் புரியவில்லை. கூப்பிட்டேன். "தாபா லைட்டுங்கண்ணா, எல்லாமே மஞ்சளாத்தான் தெரியுது" என்றார். விடியட்டும், இஞ்சினை ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் இன்னொரு பட்டை போட்டு, வெளிச்சத்தில் எடுத்து அனுப்புங்கள் என்றேன். ஆறரைக்கு வந்தது. பட்டையை முக்கிய நேரத்தையும் படம் எடுத்த நேரத்தையும் கீழே எழுதியிருந்தார். கட்டம் நல்ல இளஞ்சிவப்பு.

"கிளம்பட்டுங்களா?" என்று கேட்டிருந்தார். கிளம்புங்க என்று பதில் போட்டேன்.