தடுக்கும் கல்லும் தாங்கும் கல்லும்

புதுவைக் கடற்கரைச் சாலையில் மாலை வேளையில் உலாவுகிறவர்களுக்குக் கடல் என்பது காற்றும் அலையோசையுமே. அதன் அடியையும் ஒருமுறை காணவேண்டும் என்ற ஆவல் எனக்கு நெடுநாளாக இருந்தது. ஸ்கூபா பயிற்சி முடித்து, மார்ச் மாதத்து விடியல் ஒன்றில் படகேறினேன்.

உடன் வந்த வழிகாட்டி, நகருக்கு வடக்கே உள்ள குப்பம் ஒன்றைச் சேர்ந்த இளைஞர். கரையைச் சுட்டிக்காட்டி, "நாங்க வளந்த தெரு இப்போ கடலுக்குள்ள இருக்கு சார்" என்றார். குரலில் புகார் இல்லை. அதுவே மனத்தைத் தைத்தது.

மன்னார் வளைகுடாவைப்போல் இங்கே பவளத்திட்டுகள் படர்ந்திருக்கவில்லை. கடலடி பெரும்பாலும் மணலும் சேறும்தான். கடலடிப் பாறைத் திட்டை மீனவர் 'பார்' என்பர். மனிதர் கல்லும் இரும்பும் இறக்கி உண்டாக்கிய செயற்கைப் பார் ஒன்றுக்கே நாங்கள் சென்றோம்.

முதுகில் காற்றுக்கலனுடன் இறங்கினோம். பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டலம் என நீரின் அழுத்தம் ஏறுகிறது. காதுகள் அதை உடனே உணர்கின்றன. நிறங்களில் சிவப்பே முதலில் விடைபெறுகிறது. எங்கும் பச்சை மங்கல். அதனூடே அந்தப் பார் மெல்லத் தெரிந்தது. கல்லைக் கல்லென்று சொல்ல இயலாதபடி சிப்பிகளும் கடற்பஞ்சுகளும் மூடியிருந்தன. இடுக்கிலிருந்து அஞ்சாலை ஒன்று வாயைத் திறந்து மூடிற்று. நிழலில் களவா அசையாது நின்றது. மேலே பாரை மீன்கள் கூட்டமாய்த் திரும்பின. நீரில் மிதந்து அலையும் இளம் உயிர்கள் பற்றிக்கொள்ள உறுதியான ஓரிடம் தேடுகின்றன. அவை ஒட்டிக்கொண்டால், ஒதுங்கச் சிறுமீன் வருகிறது. அதை நாடிப் பெருமீன் வருகிறது. வெறுங்கல் ஊராகிவிடுகிறது.

அந்த இளைஞரின் தெருவைக் கொண்டுபோனதும் கல்தான். 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்திற்காக அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தன. நம் கடலோரத்தில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. சுவர்கள் வழிமறித்ததும் தெற்கே மணல் குவிந்தது. வடக்கே நகரின் கரை கரைந்தது. நகரைக் காக்கப் பாறைகளைக் கொட்டினோம். அரிப்பு அடுத்த குப்பத்திற்கு நகர்ந்தது. 2018இல் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தார் தலைமைச் செயலகத்திற்கு எதிரே, நீருக்குள் எஃகாலான ஆப்பு வடிவத் திட்டு ஒன்றை அமைத்தனர். அலையின் வேகம் தணிந்து, இழந்த மணலில் ஒரு பகுதி நகருக்கு மீண்டது.

கடலின் போக்கை மறித்து வைத்த கல் பிறர் வீட்டை வாங்கிக்கொண்டது. அதன் போக்கை மதித்து வைத்த கல் உயிர்களுக்கு வீடானது. மீண்டு வந்த மணலில் காலாற நடக்கும் நாம், நம் கரையைக் காத்த பாறைகளுக்கு அப்பால் யாருடைய வாசலில் அலை அடிக்கிறது என்றும் கேட்கவேண்டாமா?