முழங்கால் மடங்கும் இடம்

கோடம்பாக்கம், சாலிகிராமம் பக்கத்து சினிமா உடைப் பட்டறைகளில் "எது நல்ல பசை?" என்று கேட்டால் பதில் வராது. "எதை எதுல ஒட்டணும், சார்?" என்று திருப்பிக் கேட்பார்கள். அந்த எதிர்க்கேள்விதான் சரியான கேள்வி என்பது என் கட்சி. எந்திர மனிதன், ராட்சசன், சூப்பர் ஹீரோ, கடைத் திறப்பு விழாவில் கையசைக்கும் பொம்மை என்று எந்த வேஷமானாலும் அடியில் உடம்பைக் கவ்விய லைக்ராவோ பனியன் துணியோ இருக்கும். அதன் மேல் மார்புக் கவசம், தோள்பட்டை, முழங்கால் செதில் என்று ரப்பர் துண்டுகள் உட்காரும். அவற்றைப் பிடித்து நிறுத்த, இருப்பதிலேயே பலமான பசையைத் தேடுவது வெளியாள் புத்தி. தயாரிப்பு நிர்வாகிகளும் பெரும்பாலும் அதைத்தான் கேட்கிறார்கள். பழுதுக்காகத் திரும்பி வந்து குவிந்திருக்கும் உடைகளைப் புரட்டிப் பார்த்தால் அந்த எண்ணம் நிற்காது.

அப்படி வந்த ஒரு கால்சட்டையின் முழங்காலில் பசை விடவே இல்லை. நகத்தால் நெம்பினாலும் ரப்பர் தகட்டின் ஓரம் எழும்பவில்லை. ஆனால் தகட்டின் விளிம்பை ஒட்டி, நூல் பிடித்தாற்போல ஒரே கோட்டில் துணி கிழிந்திருந்தது. முழங்காலை மடக்கும்போது அங்குள்ள தோல் நீளவாக்கில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீள்கிறது. லைக்ராவும் கூடவே நீள வேண்டும். தகடு ஒட்டிய பரப்பில் அதற்கு வழியில்லை. ஆகவே நீட்சி முழுவதும் வெளியே மிச்சமிருக்கும் துணியின் தலையில் விழுகிறது. பசை இறுகிக் கெட்டியாகியிருந்தால் விளிம்பே துணியை அறுத்துவிடும். பசை பலவீனமாக இருந்தால் ஓரத்திலிருந்து உரியத் தொடங்கும், ஏனென்றால் உரிக்கும் விசை பரப்பு முழுவதிலும் பரவாமல் ஒரு மெல்லிய கோட்டில் குவிகிறது. இரண்டுக்கும் பரிகாரம் பசை டப்பாவில் இல்லை. தேர்ந்த கைகள் தகட்டின் ஓரத்தைச் சாய்வாகச் சீவி மெலிதாக்குகின்றன. மூலைகளை வட்டமாக வெட்டுகின்றன. மடங்கும் இடத்தில் ஒரே தகட்டை மூன்று பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நடுவில் மட்டும் ஒட்டி, ஓரத்தை விரல் அகலத்துக்குச் சும்மா விடுகின்றன. காய்ந்த பிறகும் துணியோடு சேர்ந்து இழுபடும் பசைதான் அங்கே வேண்டும். பலம் அதற்கு அடுத்த கேள்வி.

அடுத்தது, ரப்பர் என்று சொல்லப்படுவது எந்த ரப்பர் என்பது. பட்டறையில் எல்லாமே ரப்பர்தான்: மரப்பால் ஊற்றி வார்த்த முகமூடியும் ரப்பர், ஈ.வி.ஏ. ஃபோம் ஷீட்டும் ரப்பர், சிலிக்கானும் ரப்பர். பசைக்கு இவை மூன்றும் வேறு வேறு சாதி. மரப்பாலில் செய்த துண்டுக்கும் பருத்தித் துணிக்கும் மரப்பால் பசையே போதும். நூலிழைகளுக்குள் ஊறி இறங்கி, காய்ந்ததும் தானே ரப்பராகிவிடும். அதே பசை வழவழப்பான பாலியெஸ்டரில் பிடிப்பில்லாமல் படலமாக உரிந்து வரும். ஈ.வி.ஏ. ஷீட்டுக்கு நியோப்ரீன் கலந்த கான்டாக்ட் பசை. அதைப் பயன்படுத்தும் முறை சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுவது போலத்தான்: உப்புத்தாளால் தேய்த்து, இரு பக்கமும் சொல்யூஷன் தடவி, கையில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்தோம் என்பதைவிட எவ்வளவு அழுத்தினோம் என்பதே கணக்கு. சிலிக்கானிடம் இந்த வித்தை எதுவும் பலிக்காது. அதன் மேற்பரப்பில் சிலிக்கான் பசை தவிர அநேகமாக எதுவும் நிற்பதில்லை. அதனால் விஷயம் தெரிந்தவர்கள், வார்க்கும்போதே பின்பக்கம் வலைத்துணியைப் புதைத்து ஓரத்தை வெளியே விட்டுவிடுகிறார்கள். பிறகு ஒட்டுவது துணியைத் துணியோடுதான். இன்னொன்று, கண்ணுக்குத் தெரியாத எதிரி: அச்சிலிருந்து துண்டு சுலபமாகக் கழன்று வரப் பூசிய மெழுகும் எண்ணெயும். ஸ்பிரிட்டால் துடைக்காமல் ஒட்டிய துண்டு கழன்றால் பழி பசை மேல்தான் விழுகிறது.

ரப்பரைத் துணியோடு சேர்ப்பது புதிய தலைவலி அல்ல. 1823-இல் கிளாஸ்கோவின் சார்ல்ஸ் மாக்கின்டாஷ், நிலக்கரித் தாரிலிருந்து கிடைத்த நாஃப்தாவில் ரப்பரைக் கரைத்து, இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி, மழைக்கோட்டுத் துணிக்குக் காப்புரிமை வாங்கினார். வெயிலில் அது பிசுபிசுத்தது, குளிரில் விறைத்தது. கம்பளியில் இருந்த இயற்கைக் கொழுப்பு ரப்பரை அரித்தது. தையற்காரர் ஊசி குத்திய துளைகள் வழியே மழையும் இறங்கியது.

இந்தக் கடைசிக் குறையை, 'ஒட்டுவானேன், தைத்துவிடலாமே' என்பவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர்கள் கட்சியில் நியாயம் உண்டு. தையலுக்குக் காய வேண்டாம், வியர்வையில் கழலாது. ஆனால் ரப்பரில் வரிசையாக விழும் ஊசித் துளைகள், 'இந்த வழியே கிழி' என்று போட்டுக் கொடுத்த கோடு. மெல்லிய மரப்பால் துண்டு அந்தக் கோட்டில் சுலபமாகக் கிழிந்துவிடும். நான் பார்த்ததில் நின்ற வேலை இரண்டையும் பங்கிட்டுக் கொடுத்த வேலைதான்: ரப்பர் ஒரு பட்டைத் துணியில் ஒட்டப்படுகிறது, அந்தப் பட்டை உடையில் தைக்கப்படுகிறது. அறுந்தால் தையல் அறும். அதை அரை மணியில் மாற்றிவிடலாம். எது முதலில் விட வேண்டும் என்பதை ஒட்டுபவரே தீர்மானித்து வைப்பது இது. எதுவுமே விடக்கூடாது என்று ஒட்டிய இடத்தில் லைக்ராதான் போகிறது.

'இரண்டு நாள் ஷூட்டிங்குக்கு இவ்வளவு யோசனையா? ஹாட் கன் போதாதா?' என்பது அடுத்த கேள்வி. அசையாத கிரீடத்துக்கும் இடுப்புப் பட்டைக்கும் போதும். பசைக் குச்சி சூட்டில் இளகும் சாமான். வெயிலில் நிறுத்திய வேனுக்குள் பெட்டியில் கிடந்த உடை, உருகாவிட்டாலும் பாரம் இழுக்கும் பக்கம் மெல்ல நழுவும். சயனோஅக்ரிலேட் சொட்டு இன்னும் அவசரக்காரர்களுடையது. காய்ந்தால் கண்ணாடியாக நொறுங்கும். பருத்தியில் பட்டால் சட்டென்று சூடேறும். உடையை மாட்டிய பிறகு நடிகர் மேலேயே வைத்து ஒட்டினால் தோல் பொசுங்கும் அளவுக்கு. வெளிநாட்டுச் சரக்கு வந்தால் எல்லாம் சரியாகும் என்ற நம்பிக்கையும் உலவுகிறது. 1989-இல் வந்த 'பேட்மேன்' படத்தில் பணத்துக்கோ சரக்குக்கோ பஞ்சமில்லை. ஆனாலும் அந்த ரப்பர் முகமூடியில் மைக்கேல் கீட்டனால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. உடம்போடு சேர்த்துத்தான் திரும்பினார். அசைவைக் கணக்கில் எடுக்காத ரப்பர் எந்த ஊரிலும் இப்படித்தான்.

கணக்கில் சேர வேண்டிய இன்னொரு உடம்பு, ஒட்டுகிறவருடையது. கான்டாக்ட் பசையைத் திறந்ததும் மூக்கில் ஏறும் நெடி டொலுவீனும் ஹெக்சேனும் போன்ற கரைப்பான்களுடையது. 1960-களில் ஜப்பானில் வீட்டிலிருந்தே செருப்பு ஒட்டியவர்களின் கைகால் நரம்புகள் மரத்துப்போனதற்கு நார்மல் ஹெக்சேன்தான் காரணம் என்று மருத்துவர்கள் கண்டார்கள். ஜன்னல் சாத்திய அறையில், ஏ.சி. ஓட, கதவடியில் தூசி வராமல் துணி செருகி, இரவு முழுக்க ஒட்டுவது இந்தத் தொழிலில் சகஜம். நீரில் கரைந்த பசைக்கு மாறலாமே என்றால், காய நேரமாகும், ஐப்பசி ஈரத்தில் இன்னும் நேரமாகும், பிடிப்பும் குறைவு என்கிறார்கள். முதலிரண்டும் உண்மை. மூன்றாவது எல்லா இடத்துக்கும் உண்மையல்ல. ரப்பர் தண்ணீரை விடாது என்றாலும் துணி விடும். ஈரம் அந்தப் பக்கமாக வெளியேறும். மார்பு, முதுகு போன்ற அகலமான, அதிகம் மடங்காத பரப்புகளுக்கு நீர்ப்பசையே தாங்கும். நெடியுள்ள பசையை ஓரங்களுக்கும் ஈ.வி.ஏ.வுக்கும் மட்டும் வைத்துக்கொண்டால் டப்பா திறந்திருக்கும் நேரம் பெருமளவு குறையும். பலமானதையே எல்லாவற்றுக்கும் பூசுகிற பழக்கத்தால் தேவையில்லாத இடத்திலும் நெடியைச் சுவாசிக்கிறார்கள்.

இத்தனையும் தெரிந்தவர்களே ஏன் கழலும் வேலையைக் கொடுக்கிறார்கள்? துண்டுகள் கடைசி நேரத்தில் வந்து சேர்வதால். கான்டாக்ட் பசை ஒட்டிய நிமிடமே பிடித்துவிட்டாலும் முழுப் பலம் ஏற ஒரு நாளாவது வேண்டும். தேய்க்கவும் துடைக்கவும் அதற்கு முன்னால் ஒரு பொழுது வேண்டும். நடப்பது வேறு: மாலையில் வார்ப்புத் துண்டு வருகிறது, விடியற்காலை லொகேஷன் வண்டி கிளம்புகிறது, சண்டைக் காட்சி பத்து மணிக்கு. செலவுக் கணக்கில் பசைக்கு ஒரு வரி இருக்கிறது. அது காயும் நாளுக்கு இல்லை.